ஏழாவது டயர்

இரும்புக் கம்பியால் டயரைத் தட்டிவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்கிறார் ஓட்டுநர். டொம். அடுத்த டயருக்கு நகர்கிறார். கண் மட்டும் எதிரே ஆஸ்பத்திரி வாசலில்.

"ஆறு டயரும் எங்களுக்கே மனப்பாடம்ணே, வண்டிய எடுங்க!" என்று உள்ளிருந்து ஒரு குரல்.

"பொறுங்கப்பா, காத்து குறைஞ்சாப்ல இருக்கு" என்பார், ஒன்றும் தெரியாத அப்பாவி முகத்தோடு. காற்று ஒருநாளும் குறைந்ததில்லை. எல்லாருக்கும் அவர் 'டயர் அண்ணன்'.

அவர் ஆளைப் பேரால் அறியமாட்டார், நோயால் அறிவார். காலையில் இறக்கிவிட்டவர்களை மூன்று மணிக்குத் தலை எண்ணி ஏற்றுவார். "முட்டிவலி வந்தாச்சு, பல்வலி வந்தாச்சு. கண்ணுக்கட்டு எங்கப்பா?" யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பல்லைப் பிடுங்கி வருஷம் இரண்டான பின்னும் பல்வலிக்காரர் பல்வலிதான்.

பதினோரு கிராமங்களுக்கு இந்த ஒரே ஆஸ்பத்திரி, இந்த ஒரே பஸ். மூன்று மணி வண்டியை விட்டால் மறுநாள்தான். முன்பு ஒருமுறை, மணி அடித்தாற்போல் வண்டியை எடுத்து, நெஞ்சுவலிக்காரர் ஒருவரை விட்டுவிட்டு வந்தார். விடியும்வரை பெஞ்சில் கிடந்த அந்த மனிதர் அப்புறம் ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைக்கவில்லை. நாலே மாதத்தில் போய்ச் சேர்ந்தார். "டாக்டரு நல்லவரு, மருந்தும் இருக்கு. திரும்பி வர வண்டி இல்லேன்னா எவன் போவான்?" என்பார் டயர் அண்ணன். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவிட மாட்டார்.

தாமதத்துக்காக டிப்போவில் இரண்டு மெமோ கொடுத்தாகிவிட்டது. மூன்றாவது வந்தால் இந்தத் தடத்திலிருந்தே தூக்கிவிடுவார்கள். தனக்குப் பிறகு வருகிறவன் கடிகாரத்தைப் பார்த்து வண்டியை எடுப்பானே என்பதுதான் அவர் கவலை.

இன்று முன் சீட்டில் செக்கிங் அதிகாரியே உட்கார்ந்திருக்கிறார். மணி மூன்றேகால். இழுப்புக் குழந்தையும் அதன் அம்மாவும் இன்னும் வரவில்லை.

"மருந்து வரிசையில நிக்குறா, பாவம்" என்றார் முட்டிவலி அக்கா.

அதிகாரி ஜன்னல் வழியே தலையை நீட்டினார். கையில் மூடி திறந்த பேனா. "என்னய்யா, ஆறும் பாத்தாச்சா?"

"ஆச்சு சார்."

"அப்போ எடு."

டயர் அண்ணன் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தார். ஒருவரும் இல்லை.

"ஸ்டெப்னி டயரு இன்னும் பாக்கல சார்" என்று சொல்லிவிட்டு, கழுத்துத் துண்டை உதறித் தரையில் விரித்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டார்.