சித்தேரி பஸ்ஸை வலம் வந்தவன்

என் சர்வீஸில் மெமோ வாங்காத வருஷம் இல்லை. லேட்டாகப் போனதற்கு, டீசல் கூடுதலாகக் குடித்ததற்கு, கை காட்டிய செக்கரை ஏற்றாமல் போனதற்கு என்று எந்த டிரைவருக்கும் வருகிற மெமோக்கள்தான். ஆனால் பஸ்ஸைக் கோயிலாக்கியதற்கு மெமோ வாங்கியவன் எங்கள் டெப்போவில் நான் ஒருவன்தான். ‘பயணிகளைப் பேருந்தை வழிபடத் தூண்டி, காலதாமதம் ஏற்படுத்தியது ஏன்?’ என்று டைப் அடித்துக் கொடுத்தார்கள். படித்துவிட்டுச் சிரித்தேன். கொடுத்த கிளார்க் சிரிக்கவில்லை.

இப்போது டூட்டிக்கு வரும் இளைஞர்கள் என்னை டீக்கடையில் பார்த்தால் அந்தக் கதையைக் கேட்கிறார்கள். நல்ல பழக்கத்தை விடாமல் கடைப்பிடிப்பது எப்படி என்று யாரோ பேசுவதைத் தினமும் போனில் கேட்கிறார்களாம். கேட்பதை மட்டும் விடாமல் செய்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

1. கேட்டில் ஒரு நாற்காலி

நான் ஓட்டியது அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போகும் பஸ். ரிட்டையர் ஆகச் சில வருஷங்கள் இருக்கும்போது எனக்குச் சர்க்கரை வந்தது. அரூர் டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“இப்போதைக்கு வண்டி ஓட்டலாம் முனிரத்தினம். இப்படியே ஏறிட்டுப் போச்சுன்னா கண்ணுக்கு வரும், காலுக்கு வரும். அப்ப ஓட்டக்கூடாதுன்னு நானே எழுதிக் குடுத்துடுவன். மாத்திரய விடாதீங்க. தினமும் நடங்க.”

ஓட்டக்கூடாது என்று எழுதிவிட்டால் லைட் டூட்டி. லைட் டூட்டி என்றால் எங்கள் டெப்போவில் கேட். அங்கே சென்னப்பன் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மலை வளைவுகளில் அவர் வண்டியைத் திருப்புகிற அழகைப் பார்த்துத்தான் நான் கற்றேன். கண் மங்கியதும் ஸ்டீயரிங்கை வாங்கிக்கொண்டு நாற்காலியைக் கொடுத்துவிட்டார்கள். எந்த வண்டி வெளியே போனாலும் நாற்காலிக்கு அடியில் அவருடைய வலது கால் ஆக்சிலேட்டரை மிதிப்பது போலத் தரையை அமுக்கும். அவருக்கே அது தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் வண்டியை வேகமாகக் கேட்டைத் தாண்டிவிடுவேன்.

கடைசி நாள் கடைசி டிரிப் வரை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ரிட்டையர் ஆக வேண்டும். என் வாழ்க்கையில் நான் வைத்துக்கொண்ட லட்சியம் இது ஒன்றுதான்.

2. போன் நடந்தது

முதலில் விடியற்காலையில் நடந்து பார்த்தேன். எங்கள் தெரு நாய்களுக்குக் காக்கிச் சட்டை போட்ட என்னைத்தான் தெரியும், லுங்கி கட்டிய என்னைத் தெரியாது. ஒரு வாரத்தில் நான் நடப்பதை நிறுத்திவிட்டு ஓட வேண்டியதாயிற்று. பிறகு அதையும் விட்டேன்.

மகன் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான். எத்தனை அடி நடந்தோம் என்று அதுவே எண்ணிக்கொள்ளுமாம். சட்டைப் பையில் போனைப் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போனேன். மலை ரோட்டில் பஸ் குலுங்கிய குலுக்கலை எல்லாம் அது நடையாக எண்ணிவிட்டது. சித்தேரி போய்ச் சேர்வதற்குள் அன்றைய இலக்கை முடித்துவிட்டதாக வாழ்த்துச் சொன்னது. நானும் சந்தோஷமாக உட்கார்ந்த இடத்திலேயே மாதக்கணக்கில் நடந்தேன். டாக்டரிடம் காட்டினேன். அவர் அசந்துபோனார். பிறகு ரத்தத்தைப் பார்த்தார்.

“இவ்ளோ நடந்துமா ஏறியிருக்கு?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நடந்தது உங்க போன். அதுக்குச் சர்க்கரை இல்ல.”

அடுத்த மெடிக்கல் செக்கப் வருவதற்குள் குறைக்காவிட்டால் கேட்தான் என்று தெரிந்துவிட்டது.

3. சுற்றத் தொடங்கினேன்

மலை ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் பஸ் கொஞ்ச நேரம் நிற்கும். அரிசி மூட்டை, உர மூட்டை எல்லாம் மேலே ஏற்றுவார்கள். கண்டக்டர் மாதையன் டீ குடிப்பான். அந்த நேரத்தில் நடக்கலாம் என்று தோன்றியது. ஆனால் வண்டியை விட்டுத் தூரமாகப் போக முடியாது. அதனால் வண்டியையே சுற்றி நடந்தேன். மாதையன் விசில் ஊதும் வரை சுற்றுவது, ஊதியதும் ஏறி உட்காருவது. திரும்பி இறங்கி வரும்போதும் அங்கே அதே மாதிரி.

சுற்றினால் சும்மாவா சுற்ற முடியும்? கண் வண்டி மேல்தானே இருக்கும். முதல் வாரத்தில் ஒரு வீல் நட் லூஸாக இருப்பதைப் பார்த்தேன். அடுத்து டீசல் கசிவு. பின்பக்க ஜோடி டயருக்கு நடுவில் கல் மாட்டியிருந்ததைக் கம்பியால் நெம்பி எடுத்தேன். அதற்கு முன்பெல்லாம் பாதி மலையில் வண்டி நின்றுபோவதும், ஜனங்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பதும் சகஜம். நான் சுற்ற ஆரம்பித்த பிறகு வண்டி நிற்கவில்லை.

இதை நான் கவனிக்கவில்லை. ஜனங்கள் கவனித்தார்கள்.

பழனியம்மா என்று ஒரு அம்மா. மலையிலிருந்து சாமையும் தேனும் கொண்டுவந்து அரூர் சந்தையில் விற்றுவிட்டுப் போவார். ஒருநாள் அவர் சந்தைக் கூடையைக் கீழே வைத்துவிட்டு எனக்குப் பின்னால் சுற்ற ஆரம்பித்தார்.

“நீங்க எதுக்கும்மா சுத்தறீங்க?” என்றேன்.

“நீங்க எதுக்கு சுத்தறீங்களோ அதுக்குத்தாங்க.”

“எனக்குச் சர்க்கரைம்மா.”

“சரிங்க. ஆனா வண்டி நிக்கறதில்லயே” என்றார். நான் அடுத்த சுற்றுக்குத் திரும்பினேன், அவரும் பின்னாலேயே வந்தார்.

4. ஒற்றைப்படை

அப்புறம் நடந்ததையெல்லாம் நான் தூண்டிவிட்டதாக மெமோவில் போட்டிருந்தார்கள். சத்தியமாக நான் தூண்டவில்லை. ஒரு மாதத்தில் பாதி பஸ் என் பின்னால் நடந்தது. எத்தனை சுற்று என்று நான் எண்ணியதே இல்லை. அவர்கள் எண்ணினார்கள். மாதையன் இரட்டைப்படையில் விசில் ஊதினால், “ஒத்தப்படையில முடிக்கணும் கண்டக்டரே” என்று இன்னொரு சுற்று போய்விட்டுத்தான் ஏறுவார்கள்.

ஒருநாள் ஒரே பக்கமாகச் சுற்றி அலுத்துப்போய் நான் இடமாகச் சுற்றினேன். எல்லோரும் நின்றுவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். நான் கேட்கவில்லை. அன்றைக்கென்று மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் டயர் பஞ்சர். ஸ்டெப்னி மாற்றி முடிக்கும் வரை ஒருவரும் என்னைத் திட்டவில்லை. வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு முன் டயரில் எலுமிச்சம்பழம் வந்தது. பம்பரில் சாமந்திச் சரம் வந்தது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் ஹால் டிக்கெட்டோடு சுற்றினார்கள். ஒருநாள் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் சுற்றி முடித்துவிட்டு ஏறாமல் நின்றார்.

“எங்க போவணும்?” என்று மாதையன் டிக்கெட் மெஷினை எடுத்தான்.

“எங்கியும் போவலங்க. சுத்திட்டு வூட்டுக்குப் போறன்.”

மாதையன் என்னிடம் வந்து, “அண்ணா, இவருக்கு டிக்கெட் போடறதா வேணாமா?” என்று கேட்டான். பஸ்ஸில் ஏறினால்தான் டிக்கெட் என்று முடிவு செய்தோம். அந்த ஆள் எங்களைக் கும்பிட்டுவிட்டுப் போனார். பைத்தியக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

5. மழை

சொன்னால் நம்ப மாட்டீர்கள், இத்தனைக்கும் நடுவில் எனக்கு நடப்பதில் ஆர்வம் வரவே இல்லை. ஒருநாள் நல்ல மழை. முதல் நாள் டபுள் டூட்டி பார்த்த அலுப்பு வேறு. இன்றைக்கு ஒருநாள் விட்டால் என்ன என்று சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். மாதையன் விசில் ஊதினான். ஒருவரும் ஏறவில்லை. மறுபடி ஊதினான். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, சாக்கைப் போர்த்திக்கொண்டு அத்தனை பேரும் மழையில் நின்றார்கள்.

“ஏறுங்கம்மா, நனையறீங்க” என்றேன்.

“நீங்க இறங்குங்க டிரைவரண்ணா, நனையறோம்” என்றார் பழனியம்மா.

இறங்கினேன். அந்த அம்மா தன் குடையை எனக்குப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இரண்டாவது சுற்றில் ஆத்திரம் போய்விட்டது. என் சொந்த உடம்புக்காக என்னைத் தவிர அத்தனை பேரும் நனைகிறார்களே என்று வெட்கமாக இருந்தது. அதன் பிறகு நான் ஒருநாளும் விடவில்லை. விட வழியும் இல்லை.

6. மெமோ

மச்சினன் மகள் கல்யாணத்துக்கு நல்லம்பள்ளி போக லீவு போட்டேன். அன்றைக்கு வந்த ஆக்டிங் டிரைவர் சின்னப் பையன். “நான் பஸ் ஓட்டத்தான் வந்தன், சுத்த வரல” என்று சொல்லிவிட்டான். ஜனங்களும் ஏறவில்லை. கடைசியில் மாதையனே சுற்றி முடித்து ஏற்றினானாம். பஸ் படுலேட். பையன் ரிப்போர்ட் எழுதிக் கொடுக்க, மெமோ எனக்கு வந்தது.

பிராஞ்ச் மேனேஜர் கூப்பிட்டார். அவருக்கு முன்னால் மேசை பாதி, தொப்பை பாதி.

“எதுக்கு சுத்தறீங்க?”

“சர்க்கரைங்க சார்.”

“அப்படியே பதில் எழுதுங்க. எழுதினா நாளைக்கே உங்களை மெடிக்கலுக்கு அனுப்பணும். கேட்டுல சென்னப்பன் ரிட்டையர் ஆயிட்டாரு, நாற்காலி சும்மாதான் இருக்கு.”

“சாமிக்குன்னு எழுதினா?”

“இன்க்ரிமென்ட் கட்டாவும்.”

சர்க்கரை இறங்கிக்கொண்டு இருந்தது. ஆனால் இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் நாள் வேண்டும். வீட்டுக்கு வந்து யோசித்து, இப்படி எழுதிக் கொடுத்தேன்: ‘மலை ஏறும் முன் வண்டியைச் சுற்றிப் பார்த்துச் சோதிப்பது ஓட்டுநரின் கடமை. அதைச் செய்தேன். பயணிகளும் உடன் சோதித்தார்கள்.’ இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

மேனேஜர் நம்பவில்லை. மறுநாள் ஜீப்பில் அடிவாரத்துக்கே வந்துவிட்டார். எலுமிச்சம்பழத்தை மாதையன் டிக்கெட் பைக்குள் போட்டு மறைத்தான். நான் சுற்றினேன். ஜனங்கள் சுற்றினார்கள். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு, யாராவது கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்துப் பழனியம்மா பின் டயர் பக்கம் குனிந்தார். ஜோடி டயருக்கு நடுவிலிருந்து உள்ளங்கை அகலக் கல்லை நெம்பி எடுத்து, கொண்டுவந்து மேனேஜர் கையில் கொடுத்தார்.

“நீங்களும் மேல வரீங்களா சார்?”

“ஆமா.”

“அப்ப சுத்திட்டு ஏறுங்க.”

மேனேஜர் என்னைப் பார்த்தார், கையிலிருந்த கல்லைப் பார்த்தார், ஏறாமல் நிற்கும் ஜனத்தைப் பார்த்தார். பிறகு கல்லைக் கையில் வைத்துக்கொண்டே சுற்றினார். ஒற்றைப்படை வருவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. வண்டி நகர்ந்ததும் எனக்குப் பக்கத்தில் பானெட் மேல் வந்து உட்கார்ந்தார். நாலைந்து வளைவு தாண்டியது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

“உங்களுக்கு எவ்ளோ நாள்ல இறங்குச்சு?”

மெமோ அதோடு முடிந்தது. மலை ரூட் டிரைவர்கள் எல்லோரும் அடிவாரத்தில் வண்டியைச் சுற்றிச் சோதிக்க வேண்டும் என்று அடுத்த மாதம் சர்க்குலர் வந்தது. எத்தனை சுற்று என்று அதில் போடவில்லை.

வழக்கமான மெடிக்கல் செக்கப் வந்தபோது ஃபிட் என்று எழுதினார்கள். அரூர் டாக்டரிடம் காட்டினேன். “இந்தத் தடவ நடந்தது யாரு?” என்று கேட்டார். “சித்தேரியே நடந்துச்சுங்க சார்” என்றேன்.

7. சுற்றிவிட்டு வீட்டுக்கு

கடைசி டிரிப்பையும் நானே ஓட்டினேன். அன்றைக்கு அடிவாரத்தில் என்னை இறங்க விடவில்லை. மாலையைப் போட்டு சீட்டிலேயே உட்கார வைத்துவிட்டு அவர்கள் மட்டும் சுற்றினார்கள். சைடு மிரரில் ஒவ்வொரு முகமாக வந்து வந்து மறைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாதையன் விசில் ஊதத் தாமதித்தான், நான் முகத்தைத் துடைத்துக்கொள்ளட்டும் என்றுதான்.

மறுநாளிலிருந்து நடக்கவில்லை. வருஷக்கணக்காக ஊறிய பழக்கம், இனிமேல் தானாக வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. வீட்டைச் சுற்றி நடந்து பார்த்தேன். “கடங்காரன் வந்து நோட்டம் பாக்கறான்னு அக்கம்பக்கத்துல நெனச்சுக்கப் போறாங்க” என்றாள் மனைவி. வண்டி இருந்தால் பரவாயில்லை என்று வாசலில் நின்ற மொபெட்டைச் சுற்றினேன். தலைதான் சுற்றியது. மூன்று மாதத்தில் சர்க்கரை பழைய இடத்துக்கே ஏறிவிட்டது. டாக்டர் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார்.

தம்பிகளே, நான் கற்றது இவ்வளவுதான். என் மன உறுதியை நம்பி நான் ஒரு வாரம்கூட நடந்ததில்லை. நான் நடந்தால்தான் கிளம்புவோம் என்று நாலு பேர் நின்றார்கள், அதனால் நடந்தேன். உங்கள் பழக்கத்தை உங்கள் பொறுப்பில் விடாதீர்கள். நீங்கள் செய்யாவிட்டால் யாருக்குத் தாமதமாகுமோ, அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.

போன மாதம் ஒருநாள் சாயங்காலம் அரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சித்தேரி பஸ் நின்றுகொண்டிருந்தது. செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு வலமாகச் சுற்ற ஆரம்பித்தேன். ஜன்னலோர சீட்டில் இருந்த பழனியம்மா என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கூடையை சீட்டில் வைத்து இடம் பிடித்துவிட்டு இறங்கி வந்து பின்னால் சேர்ந்துகொண்டார். அப்புறம் இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். அன்றிலிருந்து தினமும் போகிறேன். ஒருநாள் போகாவிட்டால் மறுநாள் அந்த அம்மா பேச மாட்டார்.

அப்படிச் சுற்றிய முதல் நாள் கண்டக்டர் ஒரு புதுப் பையன். மாதையன் வேறு ரூட்டுக்குப் போய்விட்டான். சுற்றி முடித்துப் படியருகே நின்ற என்னைப் பார்த்து, மெஷினை எடுத்துக்கொண்டு, “பெரியவரே, எங்க போவணும்?” என்று கேட்டான்.

“எங்கியும் போவலப்பா. சுத்திட்டு வூட்டுக்குப் போறன்” என்றேன்.