டோன்யா ஒப்துலியாவின் வாலெழுத்துகள்

டோன்யா ஒப்துலியா கோபக்காரி. டோன்யா என்பது எங்கள் ஊரில் வயதான பெண்களுக்குத் தரும் மரியாதை. சாந்தோ தொமிங்கோ சதுக்கத்து வளைவுகளுக்குக் கீழே வரிசையாக இருந்த அச்சுக்கடைகளில் அவள் வாய்க்குப் பயப்படாதவர் யாருமில்லை. அவள் கடையை ஒட்டிய கடை என்னுடையது. என் பெயர் எலெவுத்தேரியோ. பதினேழு வருஷம் அவளிடம் திட்டு வாங்கியவன், ஆகவே அவளைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

மெக்சிகோ நகரத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும், பதினைந்து வயது நிறைந்த பெண்ணுக்கு விழா என்றாலும், அழைப்பிதழ் அவளுடைய சாய்வெழுத்தில்தான் வேண்டும் என்பார்கள். ஒவ்வொன்றாகக் கோத்து அச்சடிக்கிற ஈய எழுத்துதான், ஆனால் பேனாவைச் சாய்த்துப் பிடித்துக் கையால் எழுதினது மாதிரி இருக்கும். மெல்லியதாகத் தொடங்கும், இறங்கும்போது தடிக்கும், முடிவில் சின்னக் கொக்கி. பெரிய எழுத்துகளுக்கு மட்டும் நீண்ட வால். அதில் அவளுக்கு ஒரு சட்டம். பெயரின் முதல் எழுத்துக்குத்தான் வால், மீதியெல்லாம் அடக்கமான சின்ன எழுத்து. சொல் முழுவதையும் வாலெழுத்தில் கோத்தால் வால்கள் பின்னிக்கொண்டு படிக்கவே வராது. நான் அப்படித்தான் கோப்பேன். பார்க்க ஜோராக இருக்கும் என்பது என் நினைப்பு.

“டேய் எலெவு, கல்யாணத்துக்கு வர்றவனெல்லாம் மாப்பிள்ளை வேஷம் போட்டா பொண்ணு யாரைடா கட்டிக்கும்?” என்பாள். வரிசை முழுக்கச் சிரிக்கும்.

எங்கள் வரிசையில் எழுத்துப் பெட்டியை இரவல் கேட்டால் இல்லை என்பதில்லை. கழுவித் துடைத்துத் திருப்பித் தந்தால் போதும். போலீஸ் வந்தால் பக்கத்துக் கடைக்காரன் பெயரைச் சொல்வதுமில்லை. எழுபத்து மூன்றாம் வருஷம் மார்ச்சில் அவளுடைய பெட்டியை வாங்கிப்போனேன். ஞானஸ்நான அட்டைக்கு என்று பொய் சொன்னேன். அடித்தது பல் டாக்டர் பட்டச் சான்றிதழ், படிக்காத ஒருத்தனுக்கு. மச்சானின் சிநேகிதன், கெஞ்சினான். காகிதம்தானே என்று நினைத்தது என் மரமண்டை.

மே மாதம் ஒரு காலையில் இன்ஸ்பெக்டர் பர்ரகான் இரண்டு ஆட்களோடு வந்தார். டோன்யா அப்போது பெலென் என்ற பெண்ணின் கல்யாண அழைப்பிதழைக் கோத்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பட்டத்தை அவள் மேஜைமேல் விரித்தார்.

“ஏம்மா, இது உன் எழுத்துதானே? இந்த ‘ஆர்’ வால்ல வெட்டு இருக்கு பாரு. உன் சுவத்துல தொங்குற எல்லா அட்டையிலயும் அதே வெட்டு. இதை மாட்டிவெச்சிருந்தவன் போட்ட ஊசியில ஒரு டீச்சரம்மா ரெண்டு நாளா கண்ணு முழிக்காம ஆஸ்பத்திரியில கிடக்கு.”

டீச்சர் விஷயம் அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். பட்டத்தின் பெயர் முழுக்க வாலெழுத்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. யார் கோத்தது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும். என் பக்கம் திரும்பவே இல்லை.

“எழுத்து என்னோடது. கோத்தது நான் இல்ல.”

“அப்ப யாரு?”

“தெரியாது.”

“பெட்டிக்குக் கால் முளைச்சு நடந்து போச்சா?”

“முளைச்சிருக்கும். இந்த ஊர்ல எதுக்குத்தான் முளைக்கல?”

“வாய் ரொம்ப நீளுது. பேரைச் சொல்லு, இல்லேன்னா நீதான் வரணும்.”

அவள் ஒரு விரலை நீட்டினால் போதும். என் கடைச் சுவரில் என் மாதிரிப் பலகை தொங்கியது, எல்லாம் வாலும் வாலுமாக. பர்ரகான் கழுத்தைத் திருப்பினால் தீர்ந்தது கதை. நான் என்ன செய்தேன்? முதுகால் அதை மறைத்துக்கொண்டு நின்றேன். வெட்கங்கெட்டவன்.

“சரி, கிளம்பு” என்றார் பர்ரகான்.

அவள் மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்தாள். அறுபத்து மூன்று வயது, கால் இரண்டும் வீங்கியிருந்தன. அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

“எலெவு, பெலென் பொண்ணு நாலு மணிக்கு வருவா. பாதி கோத்திருக்கேன். மீதிய நீ கோத்துக் குடுத்துடு. அவ அப்பா செத்துப்போயிட்டாரு, பேருக்கு முன்னால சிலுவை வைக்க மறந்துடாத.”

குத்திக்காட்டவில்லை. கடை ஆளிடம் வேலையை ஒப்படைப்பது போலவே சொன்னாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன்.

அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மூன்று தூண் தாண்டிவிட்டார்கள்.

“சார்! நில்லுங்க சார்! அடிச்சது நான்!”

பர்ரகான் சிரித்தார். “ஏன்யா, பாசம் பொங்குதா?”

பலகையைச் சுவரிலிருந்து பிடுங்கி எடுத்துக்கொண்டு ஓடினேன். பலகையையும் பட்டத்தையும் மாறிமாறிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. ஆட்கள் அவளை விட்டுவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்தார்கள்.

டோன்யா கிட்டே வந்தாள். கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன், பைத்தியக்காரன். பளாரென்று ஓர் அறை விட்டாள். காது அடைத்துக்கொண்டது.

“அங்க ஒருத்தி சாகக் கிடக்கா. இதைச் சொல்ல உனக்கு இவ்ளோ நேரமாடா?”

அவள் கண் நிறைந்திருந்தது. கன்னம் எரிந்தது, தடவிக்கொள்ளக்கூட அவர்கள் என் கையை விடவில்லை.