கஞ்சியக்கா விழுங்கிய வரி

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்குக் கஞ்சியக்கா என்று பெயர். துணிக்குக் கஞ்சி போடுகிறவள் என்பதற்காக இல்லை. ஆளே கஞ்சி போட்ட மாதிரி விறைப்பு. சந்தேகமோ அதற்கும் மேல். சோப்புத்தூள் மூட்டை லேசாக இருந்தால் யாரோ அள்ளிவிட்டார்கள். வீட்டுக்காரர் சீக்கிரம் வந்தால் வேலை போய்விட்டது, மறைக்கிறார். யாராவது அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டால் போச்சு, அன்றைக்கு முழுக்க அந்தச் சிரிப்புக்குக் காரணம் தேடிக்கொண்டிருப்பாள்.

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவாள். எல்லோரும் எழுந்து பரமண்டல ஜெபம் சொல்லும்போது அவள் குரல்தான் ஓங்கிக் கேட்கும். பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று கேட்கிற வரி வந்ததும் மட்டும் வாய் மூடிக்கொள்ளும். அடுத்த வரியில் மறுபடி ஓங்கும்.

"அந்த ஒரு வரிக்கு மட்டும் வாய்ல பூட்டா?" என்று வீட்டுக்காரர் கிண்டலடிப்பார்.

"ஆண்டவர் முன்னாடி பொய் சொல்ல என்னால ஆகாது" என்பாள். அதில் அவளுக்குப் பெருமை வேறு!

அவளால் மன்னிக்க முடியாத ஆள் சொந்தத் தங்கச்சி. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தது தங்கச்சி வீட்டில்தான். அம்மா கண்ணை மூடி, குளிப்பாட்டி, பெட்டியில் வைத்த பிறகுதான் இவளுக்குச் சேதி வந்தது. "உசுரோட கடைசியா ஒரு தடவ பாக்க விடாம பண்ணிட்டா, பாவி!" அன்றோடு பேச்சு நின்றது. மூன்று வருஷம் ஓடிவிட்டது.

அப்படிப்பட்ட தங்கச்சி ஒரு ஞாயிறு அதே சர்ச்சில், நேர் பின்பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். கஞ்சியக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எதுக்கு வந்திருக்கா?"

"ஜெபம் பண்ணத்தான்" என்றார் வீட்டுக்காரர். "இந்தப் பக்கம் வீடு மாத்தி வந்திருக்காங்களாம்."

"வேற சர்ச்சே கிடைக்கலையா? என்னமோ திட்டம் இருக்கு."

இவள் கணக்கில் எல்லாம் நல்லவள் வேஷம். அந்த மன்னிப்பு வரியைத் தங்கச்சி உருகி உருகிச் சொல்லப்போகிறாள், எல்லோரும் நம்பப்போகிறார்கள். குட்டை உடைத்துவிட வேண்டியதுதான் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஜெபம் தொடங்கியது. பின்னாலிருந்து தங்கச்சியின் குரல் தெளிவாக வந்தது. அந்த வரியில் நின்றது. அடுத்த வரியில் மறுபடி வந்தது.

கஞ்சியக்காவுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "என்னை மன்னிக்க மாட்டாளாமே! நான் அவளுக்கு என்ன பண்ணிட்டேன்?" என்று வழி முழுக்கப் பொருமினாள். வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

மறுநாள் சலவைக்கூடத்துக்கு முதியோர் வார்டு மூட்டை வந்தது. கையுறை போட்டுக்கொண்டு அவிழ்த்தாள். குப்பென்று அடித்தது. "ஐயோ, என்ன வாடை! மாத்திப் போட ஆளே இல்லையா?" என்று மூக்கைச் சுளித்தாள்.

சொன்ன வாய் அப்படியே நின்றது. இதை அவள் முன்பே சொல்லியிருக்கிறாள். தங்கச்சி வீட்டு வாசலில், உள்ளே கால் வைக்காமல். "அம்மாகிட்ட வாடை அடிக்குதே, துணி மாத்துறியா இல்ல சும்மா போட்டு வச்சிருக்கியா?" அப்போது தங்கச்சி குழாயடியில் குந்தி, வெறுங்கையால் அம்மாவின் விரிப்பை அலசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி அலசத் தொடங்கினாள். அதற்குப் பிறகு இவள் அந்தப் பக்கம் போகவே இல்லை. கூப்பிட்டால் போகலாம் என்று விறைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். யார் யார் விரிப்பையோ துவைத்த கை, பெற்றவளின் விரிப்பு ஒன்றைக்கூடத் தொடவில்லை.

மெஷின் இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் வாய்விட்டு அழுதாள். "ஆண்டவரே, அவ மேல குத்தம் சொல்லிக்கிட்டே உம்ம முன்னாடி நின்னேனே. குத்தவாளி நான்தானே! இந்தத் திமிர என்கிட்டருந்து எடுத்துப் போடும்."

அடுத்த ஞாயிறு நேராகப் பின்பெஞ்சுக்குப் போனாள். தங்கச்சி சட்டென்று கைப்பையை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"என்ன வேணும்?" அவளும் அதே வயிற்றில் பிறந்தவள்தானே, சந்தேகத்துக்குக் குறைச்சலா!

"ஒண்ணும் வேணாம். நான் ஒரு துணிகூட அலசல. உன் வாசல்ல நின்னு உன்னையே குத்தம் சொன்னேன். என்ன மன்னிச்சிடும்மா."

"இப்ப எதுக்கு இது? யாரு சொல்லச் சொன்னா?"

"யாரும் இல்ல."

தங்கச்சி நம்பவில்லை. பை நகரவில்லை. அதற்குள் ஜெபத்துக்கு எல்லோரும் எழுந்தார்கள். அந்த வரி வந்தது. கஞ்சியக்கா சொன்னாள். குரல் ஓங்கவில்லை, உடைந்து உடைந்துதான் வந்தது. ஆனால் ஒரு சொல்லையும் விடவில்லை. பக்கத்தில் சத்தமே இல்லை. பழைய ஆளாக இருந்தால் அந்த மௌனத்துக்கே இன்னொரு மூன்று வருஷம் முறைத்துக்கொண்டிருப்பாள். இப்போது கோபம் வரவில்லை.

ஆமென் சொல்லி உட்கார்ந்ததும் தங்கச்சி கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முன்னால் பார்த்தபடியே சொன்னாள்:

"அந்த வரி சொல்ல எனக்கு இன்னும் வாய் வரலக்கா."

அக்கா என்று அவள் கூப்பிட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"வர்றப்போ வரட்டும்" என்றாள் கஞ்சியக்கா. "நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன்."