ஜெயசுதாவின் கேள்விக்குறி

ஜெயசுதா அக்காவைத் திருடி என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. கவனக்குறைவு என்றார்கள். பதினோரு வருடம் எங்கள் ஆஸ்பத்திரியில் கோடிங் பார்த்த பொம்பளைக்குக் கவனக்குறைவாம்! அந்த ஒரு சொல்லில் வேலையைப் பறித்துவிட்டார்கள்.

கோடிங் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. டாக்டர் எழுதும் ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண் உண்டு. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் காப்பீட்டில் ஆபரேஷனுக்கு அனுமதி வரும். நாங்கள் எல்லாம் எண்களை மனப்பாடம் செய்தோம். அக்கா டாக்டரின் கிறுக்கலைப் படித்தார். கச்சிராயபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வருவார்; வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஃபைலைப் பிரிப்பார். புரியாவிட்டால் நேரே போய் டாக்டரையே மடக்குவார். "சார், இது இன்னா எழுத்து, கோழி கிளறினாப்ல?" என்று கேட்க அவருக்கு மட்டும்தான் தைரியம்.

நோயின் பெயருக்கு முன்னால் டாக்டர் கேள்விக்குறி போட்டால், சந்தேகம் என்று அர்த்தம். 'கழுத்தில் கட்டி, ? புற்று' என்றிருந்தால் கட்டிக்கு மட்டுமே எண் கொடுக்க வேண்டும். அந்த எண் ஆங்கில ஆர் எழுத்தில் தொடங்கும். புற்றுக்கு சி. "கேள்விக்குறி இருந்தா அது இன்னும் நோயே இல்லடி. உறுதியாவற வரைக்கும் ஏத்தாத," என்பார்.

ஐப்பசியில் மலர்விழி வந்தாள். வடக்கனந்தலில் கூலி வேலை செய்யும் ராசுவின் மகள். தையில் கல்யாணம். கழுத்தின் ஓரத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. "பொறந்ததுலேருந்தே சின்னதா இருந்திச்சுங்க, இப்பதான் ஜாஸ்தியாயிடுச்சு," என்றாள். டாக்டர் '? புற்று' என்று எழுதி, சதைப் பரிசோதனைக்கு அனுப்பினார். அக்கா ஆர் எண்ணைக் கொடுத்தார். விவரம் போதாது என்று கம்ப்யூட்டர் ஃபைலை நிறுத்திவைத்தது. மாதக் கடைசியில் ஒரு ஃபைலும் நிற்கக் கூடாது என்பது எங்கள் சூப்பர்வைசர் சிவசங்கரின் சட்டம்.

அக்கா டிபன் பாக்ஸ் கழுவப் போயிருந்தார். கம்ப்யூட்டர் அவர் பெயரிலேயே திறந்து கிடந்தது. மூடிவிட்டுப் போகிற வழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை. சிவசங்கர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஆர் எண்ணை அழித்து சி எண்ணைப் போட்டார். நான் பக்கத்து மேஜையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டு அத்தனையையும் பார்த்தேன்.

அந்த எண்ணோடு அனுமதித் தாள் ராசுவின் கைக்குப் போயிற்று. மாப்பிள்ளை கலையரசன் படித்தவன், அந்தத் தாளை வாங்கி எண்ணைப் போனில் தட்டிப் பார்த்தான். கல்யாணம் நின்றது. பத்து நாள் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. வெறும் நீர்க்கட்டி, பிறவியிலேயே இருப்பது. ராசு கவுன்டரில் வந்து கத்தினார்: "எம் பொண்ணுக்கு இல்லாத நோவை எவன்டா எழுதனது?"

கம்ப்யூட்டரில் இருந்தது அக்காவின் பெயர். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. "சிவசங்கர்தான்க்கா மாத்தனாரு. நான் பாத்தேன். எங்க வேணா சொல்றேன்," என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றைக்கே விளக்கக் கடிதம் எழுதினார். அதன் கடைசி வரி: 'நேரில் பார்த்தவர்: ஷாலினி.'

நிர்வாகி என்னைக் கூப்பிட்டார். அறையில் சிவசங்கரும் இருந்தார். அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்கு சிவசங்கரின் கையெழுத்து வேண்டும்.

"சாப்ட்டுகினு இருந்தேன் சார். கவனிக்கல," என்றேன்.

சீ, என் வாயில் மண்ணைப் போட. சிவசங்கரை நான் எவ்வளவு திட்டினாலும், அவர் அழித்தது ஓர் எண்ணை. கையைப் பிடித்துக்கொண்டவரை அழித்தது நான்.

கடைசி நாள் அக்கா என் மேஜைக்கு வந்தார். நாலு அறை விட்டிருந்தால்கூட வாங்கியிருப்பேன். கடிதத்தின் நகலை என் முன்னால் விரித்தார். என் பேனாவையே எடுத்து, கடைசி வரியில் என் பெயருக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.