தோருன் மறைத்தது

வட நார்வேயில் எங்கள் தீவில் இருநூறு பேர்கூட இல்லை. குளிர்காலத்தில் ஞாயிறு பிற்பகல்களில் நூலக அறையில் கூடித் தொலைக்காட்சித் தொடர் பார்ப்போம். அந்த ஆண்டுத் தொடரில் ஓர் ஊரைச் சுற்றி மூடுபனி சுவர்போல் எழும்பிவிடும். அதற்குள் போனவர்கள் திரும்புவதில்லை. பார்த்து முடித்ததும் காப்பியோடு வாதம் தொடங்கும்.

தோருன் மீன் ஆலையில் வேலை செய்பவள். வாதத்தில் அவள் குரல்தான் ஓங்கியிருக்கும். ஆறாம் பகுதி முடிந்த அன்று மட்டும் முதலில் வாயே திறக்கவில்லை. அதில் ஒரு செவிலி, ஓர் இளைஞனை ரகசியமாக ஊரைவிட்டு அனுப்பிவிடுகிறாள். ஊரே தேடுகிறது. ஒன்றும் தெரியாதவள்போல் அவளும் கூடவே தேடுகிறாள்.

"நல்லா கதை விடுறாங்க," என்றார் பழைய மீனவர் ஓட்வார். "ஊரே அலையும்போது ஒருத்தி வாய மூடிக்கிட்டு இருப்பாளாம். அப்படியொரு கல்நெஞ்சுக்காரி எங்க இருக்கா?"

"அவன் சத்தியம் வாங்கியிருந்தா?" என்றாள் தோருன்.

"சத்தியமாவது மண்ணாவது! தேடப் போனவன் செத்தா?"

"யோஸ்டெய்ன் என்கிட்ட சத்தியம் வாங்கினான்."

யோஸ்டெய்ன் அவள் தம்பி. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரியில் காணாமல் போனான். கடலில் விழுந்திருப்பான் என்று ஒன்பது நாள் தேடினோம். அந்தக் குளிரில் கை உறைந்துதான் ஓட்வாருக்கு இரண்டு விரல்கள் போயின.

"என் படகுலதான் அக்கரையில கொண்டு விட்டேன்," என்றாள் தோருன். "அப்பா அடி தாங்கல அவனுக்கு. தெரிஞ்சா இழுத்துட்டு வந்துடுவாருன்னு பயந்தான்."

"உங்கப்பா செத்தே ஆறு வருஷம் ஆச்சே!" என்றேன் நான்.

"ஆச்சு. அதுக்குள்ள ஓட்வார் கையப் பாத்துப் பாத்து, சொல்ற தைரியமே போயிடுச்சு."



"உயிரோட இருக்கானா?" என்று கேட்டார் ஓட்வார்.

"இருக்கான். தெற்க பஸ் ஓட்டுறான்."

"அந்த மட்டும் சந்தோஷம்." எழுந்து மேலங்கியை மாட்டினார். இரண்டு விரல் இல்லாத கையால் பித்தான் போடத் தடுமாறினார். தோருன் உதவப் போனாள். "தொடாத," என்றார்.

அதன்பின் ஆலையில் உணவு வேளையில் தோருன் தனியாகவே சாப்பிட்டாள். ஏப்ரலில் யோஸ்டெய்ன் வந்தான். நேரே ஓட்வார் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் இருந்தான். என்ன பேசினார்கள் என்று இருவரும் சொல்லவில்லை. அவன் போகும்போது ஓட்வார் படகுத்துறைவரை கூட நடந்தார்; அவனுக்குக் கைகொடுத்தார். இரண்டடி தள்ளி நின்ற தோருனைத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றுவரை அவளிடம் ஒரு வார்த்தை பேசியதுமில்லை.