சாம்பல் தொடாத விரல்

என் நாத்தனார் கலைவாணிக்குத் தறியில் பாவு பிணைக்க நன்றாகத் தெரியும். ஆனால் ஐந்து வருடமாகச் சாம்பல் தொடுவதில்லை. பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்க விரலில் சாம்பல் வேண்டும், இல்லாவிட்டால் பட்டு வழுக்கும். இவளோ சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து உட்காருவாள். மூன்று இழைக்கு ஒன்று நழுவும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காரணமும் எனக்குத் தெரியும். சென்னையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, சீரியம் என்ற உலோகம் கலந்த கடுகளவு படிகங்களை உலையில் வைத்து வளர்த்தாள்.

"அண்ணி, இதுக்குள்ள எலெக்ட்ரானெல்லாம் நூறு மடங்கு கனத்துப்போயி ஊர்ந்துக்கினு இருக்குது. நல்லா குளிர வெச்சா தடையே இல்லாம ஓடுது. ஏன்னு இன்னும் யாருக்கும் முழுசா தெரியல" என்பாள். கல்யாணப் பேச்சுக்குக்கூடச் சிவக்காத முகம் அப்போது சிவக்கும்.

தன் படிகத்தில் அந்த மின்தடை பூஜ்யமாவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. வெளியூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் குளிர்விக்கும் கருவி நான்கு நாளுக்குக் கிடைத்தது. தடையை அளக்க, படிகத்தில் முடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளை வெள்ளிப் பசையால் ஒட்ட வேண்டும். கம்பி வழுக்கியது. நான் கொடுத்தனுப்பிய திருநீற்றுப் பொட்டலத்தைக் கை தன் பாட்டுக்குத் தொட்டுவிட்டது. தறி வீட்டுக் கை, வேறென்ன செய்யும்! பசைக்கடியில் தூள் சேர்ந்து, குளிரக் குளிர ஒரு கம்பி விட்டுப்போனது. திரையில் இறங்கிக்கொண்டிருந்த தடைக் கோடு பூஜ்யத்துக்குச் சற்று முன்னால் அறுந்தது. மறுபடி ஒட்ட நாள் இல்லை. உதவித்தொகையும் அத்தோடு முடிந்தது.

படிகங்களைச் சென்னையிலேயே விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிட்டாள், ஐந்து வருடம் ஆகிறது. இப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேலை. "திரும்பப் போவேன் அண்ணி. அதுக்குள்ள இந்தக் கைப்பழக்கம் போவணும்" என்றாள். அதற்குத்தான் சோப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை பாவு பிணைத்துக்கொண்டிருந்தோம். சென்னையில் அவளோடு படித்த ஜெபகுமார் போனில் ஒரு படம் அனுப்பினான். அவள் விட்டுவந்த படிகத்தை யாரோ அளந்திருக்கிறார்கள். கோடு சரேலென்று இறங்கிப் பூஜ்யத்தில் தரையோடு படுத்திருந்தது.

"விழுந்துடுச்சு அண்ணி! என் கல்லு!" என்று குதித்தாள். அடுத்த நிமிடமே, "நான் அங்க இல்லையே அண்ணி" என்று விசும்பினாள். "இனிமே போயி என்னா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, சாம்பல் கிண்ணத்தில் விரலைத் தோய்த்தாள். ஓர் இழைகூட நழுவவில்லை.

ஐந்து வருடமாக இதைத் தொடச் சொல்லித்தானே திட்டினேன், பாவி நான்.

"கலை, எழுந்து போயி கைய கழுவிக்கினு வாம்மா" என்றேன்.

அவள் மறுபடி விரலைச் சாம்பலில் தோய்த்து அடுத்த இழையை எடுத்தாள்.