ஆடினவன் சொன்னது

பல வருடமாக நான் விடாமல் ஆடிவரும் விண்வெளிப் போர் விளையாட்டுக்குப் போன வருடம், புது விதிகளைச் சேர்த்துத் தனியாக விற்கும் ஒரு விரிவாக்கம் வந்தது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஆடுகிறவர்கள் திட்டித் தீர்த்தார்கள். தூரத்துக் கிரகத்துக்குக் கப்பல்களை அனுப்பினால் பின்னாலேயே எரிபொருளும் அனுப்ப வேண்டும் என்பது புது விதி. நான் பழைய பழக்கத்தில் எல்லாக் கப்பல்களையும் ஒரேயடியாக அனுப்பினேன். அவை நடுவழியில் நின்றுவிட்டன, என் தலைநகரம் பறிபோனது. விளையாட்டு விற்கும் தளத்தில், "நல்லா இருந்ததைக் கெடுத்துட்டாங்க, யாரும் வாங்காதீங்க" என்று புனைபெயரில் நீளமாக எழுதிப் போட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

மறுநாளே திரும்பவும் உட்கார்ந்தேன். மூன்று மாதத்தில் அந்த விதி இல்லாமல் ஆடவே பிடிக்கவில்லை. ஆனால் எழுதியதை அழிக்கவில்லை. பயனுள்ளது என்று அத்தனை பேர் குறித்திருக்கும்போது எப்படி மனசு வரும்?

போன மாதம் மைசூர் தேவராஜ மார்க்கெட் பக்கம் காபி குடிக்கும்போது, கூட வேலை பார்க்கும் நண்பனிடம் அந்த விரிவாக்கத்தை வாங்கச் சொன்னேன்.

"வேணாம் குரு. விமர்சகருங்க ஆயிரம் சொல்லுவாங்க. ஆடினவன் சொல்றதைத்தான் நான் நம்புவேன்" என்று போனை நீட்டினான்.

என் வரிகள்தான். எழுதியவர் அதுவரை விரிவாக்கத்தை ஆடிய நேரமும் மேலே பொடி எழுத்தில் இருந்தது: நாற்பது நிமிடம்.

"நல்லா எழுதியிருக்கான்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன்.